ஹயருக்குப் பிடித்த பிளேன்

"ஏ புள்ள, ஒரு டீ சொல்லு. சீனி கம்மியா."

ஆறு வருசம் கழித்து அந்த மனுசர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். ஆறு வருசத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு முன்னறையில் கதிரையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த இதே மனுசருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். அன்றைக்கும் சீனி கம்மியாகத்தான் கேட்டார். இப்போது என் முகத்தை நேருக்கு நேர் பார்க்கிறார், ஒரு துளி அடையாளம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் வந்த வழியே படியிறங்கிப் போயிருப்பார். அவருடைய கெட்ட நேரம், தெரியவில்லை.

நான் அப்போது கண்டி டவுனில் ஒரு பயண ஏஜென்சியில் டிக்கெட் போடுகிற வேலையில் இருந்தேன். மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெரு, கீழே சப்பாத்துக் கடை, மேலே நாங்கள். சமாதானப் பேச்சு நடந்த காலம் அது. ரோட்டில் செக்பாயிண்ட் குறைந்து, ஆட்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்து, கோயில் பார்க்க, சேலை எடுக்க, விட்டுப்போன சொந்தத்தைத் தேட என்று சனம் இந்தியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. எங்கள் முதலாளி மடவளை என்ற முஸ்லிம் ஊர்க்காரர். ஹாஜியார் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். என்னை 'மகள்' என்பார். திட்டினாலும் மகள் என்று சொல்லித்தான் திட்டுவார். தங்கமான மனுசர்.

டீ கேட்டவர் யார் என்று சொல்கிறேன். டவுனில் ஒரு துணிக்கடைக்குச் சொந்தக்காரர். அவருடைய மூத்த மகனுக்கு எங்கள் அக்காவைக் கேட்டு வந்தார்கள். நாங்கள் தேடிப் போகவில்லை. கோயிலில் அக்காவைப் பார்த்துவிட்டு அவர்களாகத்தான் வந்தார்கள். அக்கா டீச்சர், அப்பா நகரசபையில் கிளார்க், அது போதும் என்றார்கள். நிச்சயம் நடந்தது. மோதிரம் மாற்றியாயிற்று. கார்டு அடித்து ஊரெல்லாம் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு அந்த வீட்டம்மாவின் தம்பி, ஒரு வாயாடி மனுசன், ஏதோ வேலையாகப் புசல்லாவைப் பக்கம் போனவன் எங்கள் அம்மாவைப் பற்றித் துருவித் துருவி விசாரித்துக்கொண்டு வந்தான். அம்மா அங்கே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். கல்யாணத்துக்கு முன்பும் பறித்தார், பின்பும் சில வருசம் பறித்தார். நாங்கள் எதையும் ஒளிக்கவில்லை. அவர்கள் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான். இவர்களுடைய பாட்டன்மாரும் இந்தியாவிலிருந்து வந்தவர்கள்தான், என்னவோ கப்பலில் முதலாம் வகுப்பில் வந்து இறங்கினவர்கள் மாதிரி!

கல்யாணத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது நிச்சயத்துக்கு நாங்கள் வைத்த தட்டுச் சாமான்களைக் கடை வேன் டிரைவரிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு கடிதம் இல்லை, ஒரு பெரிய மனுசர் வரவில்லை. அப்பா கடைக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். துணி வெட்டுகிற பெண்கள், வாங்க வந்த சனம், எல்லாருக்கும் முன்னால் அந்த மனுசர் சொன்னதை இன்றைக்கும் எழுத்து பிசகாமல் சொல்வேன்.

"கொழுந்துக் கூடை தூக்கினவ பெத்த பொண்ணுக்கு எங்க வீட்டு வாசல்ல ஆரத்தி எடுக்கணுமா? போங்க, போய்த் தோட்டத்துல மாப்பிள்ளை பாருங்க."

மாப்பிள்ளை கல்லாவுக்குப் பக்கத்தில்தான் நின்றான். ஒரு பீஸ் துணியை எடுத்துப் பலகையில் சுற்றிக்கொண்டே இருந்தான். சுற்றி முடித்துவிட்டு அதைப் பிரித்து மறுபடி சுற்றினான். அவன் முகத்தில் காறித் துப்ப வேண்டும் என்று எனக்கு வந்தது. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

அம்மா அதற்குப் பிறகு யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகவில்லை. அக்கா ஒரு மாதம் யாரோடும் பேசாமல் கிடந்தாள். பிறகு மாற்றல் எழுதிக் கேட்டு, வேண்டுமென்றே புசல்லாவைப் பக்கமே ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். பிறகு வந்த எந்தச் சம்பந்தத்துக்கும் தலையாட்டவில்லை. நான்? நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலுக்குப் போய், அந்தக் குடும்பம் நாசமாகப் போக வேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டுக்கொண்டேன். வேறு எதையும் அவரிடம் அவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை.

அந்தப் பிள்ளையார்தான் இந்த மனுசரைப் படியேற்றி என் மேசைக்கு முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தார் என்று நம்பினேன்.

"மூத்த மகனுக்குக் கல்யாணம்," என்றார் டீயை உறிஞ்சிக்கொண்டு. "பொண்ணு இந்தியாவுல. நம்ம ஆளுங்க எல்லாரையும் ஒரே பிளேன்ல கொண்டு போகணும். மெட்ராஸ்ல இறக்கிவிட்டு விடிய விடிய பஸ்ல இழுத்துட்டுப் போற கதையெல்லாம் வேணாம். பொண்ணு ஊர்லயே நேரா இறங்கணும். கண்டியில இதுவரைக்கும் எவனும் செஞ்சிருக்கக் கூடாது."

மூத்த மகன். அதாவது அதே துணி சுற்றினவன். சிரித்த முகத்தோடு, "செய்யலாங்க ஐயா," என்றேன்.

செய்யலாம் என்று வாயால் சொல்வது லேசு. பெண்ணின் ஊர் தமிழ்நாட்டின் தெற்கே. அங்கே விமான நிலையம் உண்டு, ஆனால் உள்நாட்டு விமானங்கள்தான் வரும் போகும். இங்கேயிருந்து எந்தக் கம்பனியும் அந்த ஊருக்குப் பறப்பதில்லை. ஹாஜியார் கொழும்புக்கு நடையாய் நடந்து ஒரு விமானக் கம்பனியைச் சம்மதிக்க வைத்தார். இப்படி வழக்கமில்லாத ஊருக்கு முழு விமானத்தையும் வாடகைக்கு விடுவதைச் சார்ட்டர் என்பார்கள். அந்தக் கம்பனிக்கு அந்த ஊரில் ஒரு கிளைக் கந்தோர் கிடையாது, ஒரு மேசைகூடக் கிடையாது. இறங்குகிற ஏணி முதல் பெட்டி தூக்குகிற ஆள் வரை எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த அங்கே ஆள் இல்லை. இந்த ஒரு விமானத்துக்காக அதிகாரிகள் வேறு ஊரிலிருந்து வந்து காத்திருந்து, ஐந்து மணிக்குத் திரும்பிவிடுவார்கள். விமானமும் சும்மா நிற்கிற விமானம் இல்லை. காலையில் ஒரு நாட்டுக்குப் போய்வந்து, இரவுக்குள் இன்னொரு நாட்டுக்குப் போக வேண்டியது. நடுவில் கிடைக்கிற இடைவெளியை மட்டும்தான் நமக்குத் தருகிறார்கள்.

வியாழக்கிழமை பகல் இரண்டேகாலுக்குக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எழும்ப வேண்டும். வெள்ளிக்கிழமை காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். நேரத்துக்கு ஏறாதவர்களை விட்டுவிட்டு விமானம் போகும், வேறு நேரமும் கிடையாது, வேறு நாளும் கிடையாது. கம்பனி இதையெல்லாம் இங்கிலீஷில் சுத்தமாக எழுதி அனுப்பியிருந்தது.

ஹாஜியார் கொழும்பில் இருந்த ஒரு நாளில் துணிக்கடைக்காரர் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வந்தார். இங்கிலீஷ் அவருக்கு ஓடாது. என்னை வாசித்துச் சொல்லச் சொன்னார். இரண்டேகால் என்றதும் கையை நீட்டித் தடுத்தார்.

"நில்லு நில்லு. வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூணு ராகுகாலம். ராகுகாலத்துல மாப்பிள்ளையப் பிளேன் ஏத்துறதா? என்ன புள்ள நீ, இந்துப் புள்ளதானே, இது தெரியாதா?"

தெரியாமலா? இந்த மேசையில் உட்கார்ந்த காலத்திலிருந்து எங்கள் ஆட்களோடு வாரம் ஒரு தடவை இந்த வழக்கு உண்டு. அதற்கு வழியும் உண்டு. நல்ல நேரத்திலேயே ஒரு பையை வீட்டுப் படி தாண்டிக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டால் போதும். பரஸ்தானம் என்பார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம், பிறகு எந்த நேரத்தில் ஏறினாலும் தோஷம் இல்லை. எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லி நானே ஏற்றி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு நாக்கு நுனி வரை வந்தது. அவர் அடுத்ததாகச் சொன்னதைக் கேட்டு உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"மூணு தாண்டித்தான் என் மகன் கால் எடுத்து வைப்பான். நான் என்ன சீட்டா வாங்கியிருக்கேன்? முழு பிளேனையும் ஹயருக்குப் பிடிச்சிருக்கேன். குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுல ஹயருக்குப் பஸ் பிடிச்சா என்ன செய்வான்? தேங்காய் உடைக்கிற வரைக்கும் நிப்பான், பெரியம்மா சேலை மாத்துற வரைக்கும் நிப்பான், ராகுகாலம் போற வரைக்கும் பீடி குடிச்சிட்டு நிப்பான். இவனும் நிப்பான்ல?"

கேள்வியை என்னிடம்தான் கேட்டார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு, பேனையைத் திறந்து பிடித்துக்கொண்டு கேட்டார். வேறு யார் கேட்டிருந்தாலும் சிரித்துவிட்டு, 'ஐயா, பிளேன் பஸ் இல்லை' என்று பத்து நிமிசம் உட்கார்ந்து விளக்கியிருப்பேன்.

"நிப்பாங்க ஐயா," என்றேன். "முழுசா எடுத்திருக்கீங்களே. நீங்க ஏறாம எப்படிப் போவான்?"

"அதானே!" என்று கையெழுத்துப் போட்டார். ஹாஜியார் பிறகு நேரத்தைப் பற்றிக் கேட்டபோது, எல்லாம் விளக்கிச் சொல்லிவிட்டேன் என்றேன். அன்று இரவு குப்புறப் படுத்து, விடிந்ததும்தான் எழுந்தேன். மனச்சாட்சி குத்தியது, புரண்டு புரண்டு படுத்தேன் என்றெல்லாம் எழுத ஆசைதான். பொய் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்குத் திருவிழா மாதிரி. நூற்றிருபது பேரின் பெயரை நான்தான் டைப் அடித்தேன். வாயாடித் தம்பியின் பெயர் வந்தபோது என்னையறியாமல் சிரித்துவிட்டேன். கல்யாணத்துக்கு முந்தின வாரமே ஏணிக்கும் பஸ்ஸுக்கும் ஒழுங்கு செய்ய ஹாஜியார் அந்த ஊருக்குக் கிளம்பினார். "மகள், இந்தப் பக்கம் முழுக்க ஒங்கட பொறுப்பு. மாப்புள ஏறின ஒடன எனக்கு ஒரு டெலிபோன் கோல் எடுத்துச் செல்லுங்க," என்றார். அவர்கள் பேச்சில் 'சொல்லுங்க' என்பது 'செல்லுங்க'தான். சரி ஹாஜியார் என்று தலையை ஆட்டினேன்.

வியாழக்கிழமை விருந்தாளிகளை ஏற்றிய இரண்டு பஸ்ஸும் விடியக் காலையிலேயே கண்டியை விட்டுக் கிளம்பிப் பதினொரு மணிக்கெல்லாம் கட்டுநாயக்காவுக்கு வந்துவிட்டன. நானும் அதில்தான் வந்தேன். உள்ளே போனால், அந்த ஊர்ப் பெயரைக் காட்ட அங்கே பலகை இல்லை. வழக்கமாகப் போகாத ஊர்தானே. ஒரு மட்டையில் கையால் எழுதிக் கவுண்டரில் ஒட்டி வைத்திருந்தார்கள். வாயாடித் தம்பி அதற்குப் பக்கத்தில் நின்று போட்டோ பிடித்துக்கொண்டான்.

மாப்பிள்ளை வீட்டு வேன் மட்டும் வரவில்லை. அவர்கள் பதினொரு பேர். அவசரமில்லை, மூணு மணிக்குத்தானே ஏற வேண்டும்! ஆற அமரப் பூசை முடித்து, வழியில் சாப்பிட்டு, ஒன்று முப்பத்தைந்துக்கு வந்து வாகனம் நிறுத்துகிற இடத்தில் நின்றார்கள். ராகுகாலம் தொடங்கி ஐந்து நிமிசம். வேன் கதவைத் திறக்கவே விடவில்லை அந்த மனுசர்.

விமானக் கம்பனியில் ஒரு சிங்களப் பெண் பொறுப்பாக இருந்தாள். நல்ல பிள்ளை, என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிட்டாள். "நங்கி, நான் கவுண்டரை மூடியிருக்க வேண்டும். கல்யாண மாப்பிள்ளை என்பதால் திறந்து வைத்திருக்கிறேன். ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒன்று ஐம்பது வரைதான்," என்று சிங்களத்தில் கெஞ்சினாள். நாங்கள் கெஞ்ச வேண்டிய இடத்தில் அவள் கெஞ்சினாள், பாருங்கள். நான் வெளியே வந்தேன். ஓடவில்லை. நடந்துதான் வந்தேன்.

வேனுக்குள் ஏசி போட்டுக்கொண்டு முறுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போகும்போது அந்த மனுசர் கைத்தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து மச்சினன், அந்த வாயாடித் தம்பி, பேசுகிறான் என்று புரிந்தது.

"கதவைச் சாத்தப் போறானா? எவன் சொன்னான்? இந்தா, கம்பனிப் புள்ளையே வந்திருக்கு. அதைவிட உனக்குத் தெரியுமோ? நீ பேசாம ஏறி உக்காருடா." போனை வைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினார். "என்ன புள்ள, அவசரப்படுத்துறாங்களாமே? மூணு வரைக்கும் நிப்பான்னுதானே சொன்ன?"

அந்த நேரத்தில்கூட ஒரு சொல்லில் எல்லாவற்றையும் மாற்றியிருக்கலாம். ஓடி வந்திருந்தால் போதும், ஏறியிருப்பார்கள்.

"நிப்பாங்க ஐயா. நீங்க ஆறுதலா வாங்க."

மாப்பிள்ளை பின் சீட்டில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. முகம் செத்துப் போயிற்று. வாய் லேசாகத் திறந்தது. அடேய், இப்போதாவது பேசடா என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. இவள் அந்த வீட்டுப் பெண், இவள் பேச்சை நம்பாதீங்க அப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் தப்பித்திருப்பான். அப்பாவின் பிடரியைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்து மடியில் இருந்த மாலைப் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தான். அன்றைக்கும் அப்பா சொன்னதுதான் அவனுக்குச் சட்டம், இன்றைக்கும் அதேதான்.

நான் உள்ளே திரும்பினேன். அந்தச் சிங்களப் பெண் ஓடி வந்தாள். "நங்கி, வருகிறார்களா இல்லையா? நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் கதவை மூடச் சொல்வேன்."

"வர மாட்டாங்க. மூடுங்க," என்றேன் சிங்களத்தில். பதினொரு பேர் வரவில்லை என்ற தாளில் ஏஜென்சி சார்பில் கையெழுத்தும் போட்டேன்.

இரண்டேகாலுக்கு விமானம் எழும்பிற்று. அந்த ஊருக்கு அந்தக் கம்பனி விமானம் போன முதல் தடவை அதுதான். நூற்றொன்பது விருந்தாளிகள் இருந்தார்கள், மாப்பிள்ளை இல்லை. வீட்டுக்காரர்கள் கடைசியாக வந்து முன் சீட்டில் ஏறுவார்கள் என்று நம்பி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்களாம். வண்டி நகர்ந்த பிறகுதான் வாயாடித் தம்பி எழுந்து கூச்சல் போட்டிருக்கிறான். பெல்ட்டைப் போட்டு உட்காரச் சொன்னார்களாம். இதைக் கேட்டபோது எனக்குக் கிடைத்த சந்தோசத்துக்கு அளவே இல்லை.

மூன்று மணி ஐந்து நிமிசத்துக்கு வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார்கள். அம்மாக்காரி கையில் தாம்பாளம். மட்டையைக் கழற்றிவிட்டிருந்தார்கள், கவுண்டரில் ஆளில்லை. அந்த மனுசர் இங்கும் அங்கும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"எங்க புள்ள பிளேன்?"

"போயிருச்சுங்க."

"போயிருச்சா? என்ன வெளையாடுறியா? நீதானே நிப்பான்னு சொன்ன!"

"ஆமா. சொன்னேன்."

"பின்ன ஏன்டி...?"

அந்தக் கேள்விக்காகத்தான் நான் ஆறு வருசம் காத்திருந்தேன். குரலை உயர்த்தவில்லை. "கொழுந்துக் கூடை தூக்கினவ பெத்த பொண்ணு சொன்னா நம்பலாமா ஐயா? அன்னைக்கு அவ்வளவு விசாரிச்ச ஆளு, இன்னைக்கு விசாரிக்கலியே."

அவர் என் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். பெட்டி தள்ளுகிற வண்டி ஒன்று பக்கத்தில் நின்றது, அதன் விளிம்பில் பட்டு வேட்டி அழுக்காவதைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டார். அம்மாக்காரி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சுற்றியிருந்த சனம் வேடிக்கை பார்த்தது. எங்கள் அப்பாவைக் கடை நிறையச் சனம் வேடிக்கை பார்த்த மாதிரியே பார்த்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. இன்றைக்கும் அந்த மனுசருக்காக என்னிடம் ஒரு சொட்டு இரக்கம் கிடையாது, கேட்காதீர்கள்.

அந்த ஊருக்குக் கொஞ்சம் கிட்ட இருக்கிற திருச்சிக்குப் போகிற வழக்கமான விமானம் அன்று காலையிலேயே போய்விட்டிருந்தது. ஓடி அலைந்து, மெட்ராஸ் விமானத்தில் நாலே நாலு இடம் பிடித்துப் போனார்கள். அங்கிருந்து ரோட்டு வழியே போய்ச் சேரும்போது வெள்ளிக்கிழமை பத்தரை மணி. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு என்ன தொடங்கும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இதுவும் என் காதுக்குத் தேனாகத்தான் இருந்தது.

ஹாஜியார் திங்கட்கிழமை திரும்பி வந்தார். துணிக்கடைக்காரர் அங்கே வைத்தே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். என்னைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார். நானும் மறைக்கவில்லை, அக்கா கதை முழுவதையும் சொன்னேன். அவர் கத்துவார், வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் அங்க மண்டபத்துலதான் நின்ட, மகள். அந்தப் புள்ளய அலங்காரம் பண்ணிக் கொண்டாந்து ஒக்கார வெச்சிட்டாங்க. ஆறு மணி, ஆறரை, ஏழு. எங்கட ஆளுங்க நூறு பேரும் தலயத் தொங்கப் போட்டுட்டு ஒக்காந்து ஈக்குறாங்க. பொண்ணுட வாப்பா, 'முகூர்த்தம் தப்பினா எம் மக ராசி கெட்டவன்னு பேராயிரும்'னு அழுதார். ஏழேகாலுக்கு அந்தப் புள்ளட தாய்மாமன இழுத்துக் கொண்டாந்து பக்கத்துல ஒக்கார வெச்சாங்க. நாப்பதுக்குக் கிட்ட ஈக்கும். கழுத்துல ஒரு துண்டு, பந்தல்ல வேல பாத்துட்டு நின்ட மனுசன். புள்ள நர்ஸ் படிச்சி முடிச்சதாம். 'மாமா, நீங்க வேணாண்டு செல்லுங்க மாமா'ண்டு ரெண்டு தரம் செல்லிச்சி. மேளத்த சத்தமா அடிக்கச் செல்லிட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்தையும் என் பொறுப்பில் விடவில்லை, 'மகள்' என்றும் கூப்பிடவில்லை. நான் அதைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டேன். அக்காவிடம் சொல்ல எனக்கு ஒரு பெரிய சந்தோசம் மிச்சம் இருந்ததே.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை புசல்லாவைக்குப் பஸ் ஏறினேன். அக்காவின் வாடகை அறையில் அவளை உட்கார வைத்து, நானே அந்த மனுசராகவும் நானே நானாகவும் நடித்துக் காட்டினேன். பஸ்காரன் பீடி குடிக்கிறது, கண்ணாடியைக் கழற்றினது, தள்ளுவண்டியில் உட்கார்ந்தது, பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தது, ஒன்றையும் விடவில்லை. அக்கா முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடிப்பாவி!" என்றாள். எனக்கு ஜென்மம் சாபல்யம் அடைந்த மாதிரி இருந்தது. பெண்ணைப் பற்றி நான் ஒரு வார்த்தை எடுக்கவில்லை.

அக்காதான் கேட்டாள். "பொண்ணுக்கு என்ன ஆச்சு?"

"அதுக்கென்ன. அவங்க ஆளுங்க பார்த்துக்கிட்டாங்க."

"என்ன பார்த்துக்கிட்டாங்க? சொல்லு."

டீச்சர் குரலில் கேட்டாள். சொன்னேன். தாய்மாமனைச் சொன்னேன், வயசைச் சொன்னேன், அந்தப் பிள்ளை கெஞ்சினதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் வாயில் அந்தக் கதை வேறு கதையாகிக்கொண்டு வந்தது எனக்கே தெரிந்தது. அக்காவின் முகத்தில் சிரிப்பு போய் எவ்வளவோ நேரமாயிற்று.

"எனக்குக் கல்யாணம் இல்லாமப் போச்சு," என்றாள். "அழுதேன். அழுது முடிச்சேன். வேலைக்கு வந்தேன், என் சோத்த நான் சாப்பிடுறேன். அந்த வீட்டுக்குப் போகாமத் தப்பிச்சேன்னு சாமிக்கு நன்றிகூடச் சொல்லியிருக்கேன். அந்தப் புள்ளைக்கு அழுறதுக்கு ஒரு நாள் விட்டாங்களா?"

"நான் உனக்காகத்தானேக்கா செஞ்சேன்."

"எனக்காகவா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "அன்னைக்கு அவங்களும் என்னைய ஒரு வார்த்தை கேக்கல."

எழுந்து போய் எனக்குச் சோறு போட்டு வைத்தாள். குழம்பு ஊற்றினாள். நான் சாப்பிட்டு முடித்து பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை அவள் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பள்ளிக்கூடக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.